கம்பிக் கதவு இல்லாத பள்ளிக்கூடம்

சுதந்திரம் வந்த கையோடு, காலியாகிக் கிடந்த சிறைச்சாலையைப் பள்ளிக்கூடமாக்கியது புது அரசு. தலைமையாசிரியை வீடு வீடாக ஏறி இறங்கியும் ஒரு பிள்ளைகூட வந்து சேரவில்லை.

"டீச்சரம்மா, போராட்டத்துக்குப் போனாருன்னு என் வீட்டுக்காரரை அடைச்சு வச்ச இடம் அது. என் பொண்ணையும் அங்கேயே அனுப்பவா?" என்று பொரிந்து தள்ளினாள் கொல்லரின் மனைவி. அவள் கேட்டதில் நியாயம் இருந்ததால் ஆசிரியை திரும்பிப் போகக் கிளம்பினார்.

உள்ளேயிருந்து கொல்லர் எட்டிப் பார்த்தார். "அந்தக் கம்பிக் கதவுதானே உறுத்துது? கழட்டிட்டாப் போச்சு!"

மறுநாளே, உடன் சிறையிருந்த நண்பர்களோடு சம்மட்டியும் கையுமாக வந்துவிட்டார். கதவுகள் விழுந்த சத்தத்தில் தெருவே கூடியது. அந்தக் கம்பிகளைக் காய்ச்சி வளைத்து பெஞ்சுகளுக்குக் கால் செய்தார்.

"அப்பா, நீங்க எங்க படுத்திருந்தீங்க?" என்று, பெஞ்சுகள் போட்ட அன்று பள்ளி வாசலில் நின்று கேட்டாள் மகள்.

"அதோ, அந்த ஜன்னலுக்குக் கீழ."

"அப்ப அது என் இடம்!" என்று ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவளைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் திமுதிமுவென்று உள்ளே நுழைந்தார்கள். தன் நாற்காலியையும் இரண்டு வாண்டுகளுக்குக் கொடுத்துவிட்டு, ஆசிரியை நாள் முழுக்க நின்றே பாடம் நடத்தினார். கால் கடுத்தாலும், மனம் குளிர்ந்து வீடு திரும்பினார்.