புயலின் கைக்கட்டு

கல்லூரியின் அந்தக் கூடத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். புள்ளியியலை வெறுமனே கேட்டுத் தலையாட்டினால் போதாது, எண்களை நீங்களே போட்டுக் கோடு வளைவதைக் கண்ணால் பாருங்கள் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். ஆனால் மவுஸ் ஒன்றுதானே? வேலைக்கு விடுப்புப் போட்டுப் படிக்க வந்திருந்த நர்ஸக்காவின் மேசையில் அது எப்போதும் புயலின் கையில்.

புயல் என்பது வகுப்பு வைத்த பெயர். பையன் தங்கமானவன், விரல்தான் நிற்காது. அக்கா கேள்வியைப் படிப்பதற்குள் திரையில் விடை வந்து உட்கார்ந்திருக்கும்.

"புரிஞ்சுதாக்கா?"

"புரிஞ்சுதுப்பா."

வார்டையே ஆண்ட கைகள் மடியில் சும்மா கிடக்கும்.

அடுத்த வாரம் தேர்வு, ஆளுக்கொரு கம்ப்யூட்டர். தேறாவிட்டால் ஆஸ்பத்திரி கொடுத்த படிப்பு விடுப்பு ரத்தாகிவிடும். வகுப்பு கலைந்ததும் பேராசிரியையிடம் அக்கா மனம்விட்டார்.

"நான் இன்னும் மவுஸைத் தொட்டதே இல்லம்மா."

"அவன்கிட்ட கேளுங்களேன்."

"என்னால அவன் வேகம் கெடணுமா? வேண்டாம்மா."

திரும்பினால் வாசலில் புயல். மறந்த பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் அவன் வலக்கையில் பெரிய கட்டு.

"பந்து விளையாடறப்போ பிசகிடுச்சுக்கா. மவுஸைத் தொட்டா உயிர் போகுது. இனிமே நீங்கதான் என் கை."

சுளுக்குக் கட்டு உள்ளங்கையையும் சுற்றி வர வேண்டும். இது நூல்கண்டு மாதிரி மணிக்கட்டில் மட்டும் சுற்றியிருந்தது. போதாததற்கு, அதே கையால் நாற்காலியை இழுத்துப் போட்டான். அக்கா கட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு மவுஸைப் பிடித்தார்.

அம்புக்குறி அடங்காப் பிள்ளையாய் ஓடியது. ஓர் எண் தப்பாக விழுந்து கோடு செங்குத்தாக ஏறியது.

"காய்ச்சல் சார்ட் மாதிரி இருக்கேடா!"

"பேஷண்ட் பிழைப்பாரா?"

"முதல்ல உன் கை பிழைக்கட்டும்."

எண்ணைத் திருத்தினார். கோடு இறங்கியது.

"ஒரு எண் இந்த ஆட்டம் ஆட்டுமா? இதுவரைக்கும் நின்னு பார்த்ததே இல்லக்கா" என்றான் புயல்.

அந்த வாரம் முழுக்க அவர்தான் அவன் கை. தேர்வன்று காலை சுளுக்கு மாயமாக மறைந்திருந்தது.

தேர்வு முடிந்து வெளியே வந்த அக்காவின் மலர்ந்த முகமே எல்லாம் சொல்லிவிட்டது. புயல் சொன்ன இந்த ஒரு பொய்யைக் கடவுள் கணக்கில் சேர்க்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டார்.

"அந்தக் கட்டுத்துணி இருக்கா? கையைக் காட்டு."

பெருவிரலைத் தாண்டி, உள்ளங்கையைச் சுற்றி, இறுக்காமல் அழகாகக் கட்டிவிட்டார்.

"அடுத்த தடவை பொய் சொன்னா இப்படிக் கட்டிக்கிட்டு வா."

"அப்போ முதல் நாளே தெரியுமாக்கா?"

"எத்தனை கட்டு பார்த்தவ நான்!"