புரை முத்தட்டும்

என் புருஷனுக்குக் கண்ணில் புரை விழுந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் கண் டாக்டர் ஆகிவிட்டார்கள். அதில் பெரிய டாக்டர் என் மகன். "புரைன்னா நல்லா முத்தணும்பா. முத்தாம எடுத்தா பார்வையே போயிடும்" என்பான். கண்ணில் விழுந்திருப்பது புரையா பூசணிக்காயா என்று நான் கேட்டால், "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று வாயை அடைத்துவிடுவான்.

தையல் கடை எங்களுடையது. இவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மிஷினில் இவர், இன்னொன்றில் மகன். காஜாவும் பட்டனும் என் வேலை. இவருக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதும் நான்தான்.

புகார்கள் வர ஆரம்பித்தன. காலர் தூக்கிக்கொண்டு நிற்கிறது, பாக்கெட் கோணல் என்று ஆளாளுக்கு வந்து நின்றார்கள். எங்கள் சின்ன முதலாளி குரலைத் தாழ்த்தி, "அப்பாவுக்குக் கண்ணு சரியில்ல, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று சொல்லி அனுப்புவான். அப்பா காதில் விழும் அளவுக்குத்தான் தாழ்த்துவான்.

மனுஷன் ஒடிந்துபோனார். ஒரு நாள் சாப்பிடும்போது, "இந்த மாசத்தோட மிஷினை விட்டுடறேன். கடையை அவனே பார்த்துக்கட்டும். இத்தனை வருஷப் பேரை என் கையாலயே கெடுக்க வேணாம்" என்றார். மிஷின் சத்தம் இல்லாமல் ஒரு வாரம் தாங்கமாட்டார் இவர். மறுநாளே மகனிடம் மூச்சுவிடாமல் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். "ரெண்டு கண்ணுலயும் புரை இருக்கு. கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் மங்கிப்போச்சு. சொட்டு மருந்துல கரையாது, கண்ணாடி மாத்தினாலும் சரியாகாது. அதை எடுத்துட்டுப் புது லென்ஸ் வைக்கணும்."

"முத்தட்டும்னு சொன்னாங்களே" என்றார் இவர்.

"அதெல்லாம் அந்தக் காலம். வேலைக்கு இடைஞ்சலா இருந்தாலே எடுத்துடலாம். ரொம்ப விட்டா இறுகிப்போய் எடுக்கிறதுதான் கஷ்டம்."

வாழ்நாளெல்லாம் கத்தரிக்கோல் பிடித்த மனுஷன், கண்ணில் கத்தி என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். மரத்துப்போக மருந்து விட்டு, முதலில் வலது கண்ணை முடித்தார்கள். வலிக்கவில்லையாம். அன்றைக்கே வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். செய்தி கேட்ட என் மகன் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி நின்றான்.

டாக்டரம்மா சரி என்று சொல்லும்வரை நான் இவரைக் கடைப்பக்கம் விடவில்லை. வந்த அன்று மிஷினில் உட்காராமல், ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, புகாரோடு திரும்பி வந்து கிடந்த துணிகளை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். தையல் முடிகிற இடத்தில் திருப்பி ஒரு ஓட்டு ஓட்டித்தான் இவர் நூலை அறுப்பார். மகனுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. நான் இல்லாத நேரத்தில் கறுப்புத் துணியில் கருநீல நூல் போட்ட ஒரு பேண்ட் மட்டும் இவருடையது. திருப்பி ஓட்டாத மற்ற கோணல் அத்தனையும் என் வயிற்றில் பிறந்தவனுடையது.

"ஏண்டா" என்றார். அவன் மிஷினுக்கு எண்ணெய் விட ஆரம்பித்தான். காலையில்தான் விட்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு டீச்சரம்மா, தன் மகனுக்குத் தைத்த சட்டையோடு வந்தார். இவர் மறுபடி மாட்டியிருந்த கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார்.

"பாவம் மாஸ்டர், கண்ணு தெரியாம என்ன பண்ணுவீங்க. விடுங்க, நான் குறையாச் சொல்லல."

இவர் சட்டையை வாங்கித் தையலைத் தடவிப் பார்த்தார். "கண்ணு மேல பழி போடாதீங்கம்மா. இது என் மகன் தைச்சது."

பெற்றவளாச்சே, எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது. இவர் சட்டையையும் ஒரு பிளேடையும் மகன் முன்னால் வைத்தார்.

"பிரிடா. நான் பார்த்துட்டு இருக்கேன்."