எழுபது கிரெயினா, எண்பது கிரெயினா

மெர்ல் ஏழு வருஷமாக மானைத் தவறவிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வருஷத்துக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. ஒரு தடவை வெடிமருந்து பருமணியாகப் போய்விட்டது. ஒரு தடவை குண்டு லேசு. இன்னொரு தடவை குண்டைச் சுற்றிய துணி தடிப்பு. தன் கண்ணைத் தவிர எல்லாவற்றின் மேலும் அவருக்குச் சந்தேகம் உண்டு. விசையை இழுக்கும் நேரம் அந்தக் கண் இரண்டும் இறுக மூடிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாமலும் இல்லை.

பென்சில்வேனியா மலைக்காடுகளில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரியிலும் நடக்கும் வேட்டைக்குப் பழைய துப்பாக்கிதான் எடுத்துப் போகலாம். குழல் வாய் வழியே மருந்தைக் கொட்டி, துணி சுற்றிய ஈயக்குண்டைக் கோலால் இடித்து இறக்கி, பக்கத்திலிருக்கும் சின்னக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை மருந்து வைத்து, சக்கிமுக்கிக் கல்லின் பொறியில் வெடிக்கிற துப்பாக்கி. மான் தப்பினால் சுட்டவன் சட்டையின் பின்வாலை வெட்டி, பெயரெழுதிச் சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். மச்சான் வெண்டலின் வேட்டைக் குடிலில் அந்தச் சுவரைப் பார்ப்பவர்கள், மெர்ல் துணி வியாபாரம் செய்கிறார் என்று நினைத்தால் தப்பில்லை.

அந்தச் சட்டைகளுக்கெல்லாம் ஒட்டுப் போட்டவள் அவர் மனைவி லெனோர். இந்த வருஷம் அவள் கையால் தைத்த சிவப்புக் கம்பளிச் சட்டையை மேசைமேல் வைத்துவிட்டு ஒரே பேச்சாகப் பேசி முடித்தாள்.

"இங்க பாரு மெர்ல். இதுவும் வால் இல்லாம வந்துச்சுன்னா துப்பாக்கிய ஆணியில மாட்டிடணும். இனிமே ஒவ்வொரு ஜனவரியும் ஃப்ளோரிடா, எங்க அக்கா கிளாடிஸ் வீடு. மாசம் முழுக்க. உன் வேட்டையால நான் எத்தன வருஷமா அவளுக்கு நாளைக்கு வரேன், நாளைக்கு வரேன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்?"

நியாயம் அவள் பக்கம் இருந்ததால் மெர்ல் தலையாட்டினார். ஆனால் ஜனவரியில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவருக்குக் காய்ச்சல் வந்தது.

அதனால் கோடை முழுவதும் சமையலறை மேசை அவர் வசமாயிற்று. பருமணி, நடுமணி, பொடிமணி என்று மூன்று கரிமருந்து. உருண்டைக் குண்டு, கூம்புக் குண்டு. கேக் தட்டின் குழிகளில் குண்டுகள் ரகவாரியாகக் கிடந்தன. லெனோரின் தராசில் ஒவ்வொரு குண்டும் ஏறி இறங்கியது. கடைசியில் உருண்டைக் குண்டு என்று முடிவாயிற்று. அவருடைய குழலுக்குள் குண்டைச் சுழற்ற வெட்டியிருக்கும் புரி மெதுவாகச் சுற்றுகிறது, அதற்கு உருண்டைதான் நேராகப் போகும். இது மெர்லுக்கு முப்பது வருஷமாகவே தெரியும். தெரிந்ததை மறுபடி கண்டுபிடிக்கத்தான் ஜூனிலிருந்து அக்டோபர் வரை ஆயிற்று. மருந்து மட்டும் முடிவாகவில்லை. மருந்து நிறுக்கும் கிரெயின் எடையில், நடுமணி எழுபது கிரெயினா, பொடிமணி எண்பதா? இரண்டையும் அளந்து இரண்டு குப்பிகளில் அடைத்து எடுத்துக்கொண்டு குடிலுக்குப் போனார்.

காலையில் பனியில் ஒரு ஹெம்லாக் மரத்தடியில் நின்று எழுபதைக் குழலில் கொட்டினார். கொட்டியதும் குளிர் உறைத்தது. இந்தக் குளிருக்கு எண்பதல்லவா சரி? துப்பாக்கியைக் கவிழ்த்துத் தட்டினார். பனியில் கறுப்பாக ஒரு கோலம் விழுந்தது. இரண்டாவது குப்பியைக் கையில் எடுத்தபோது, எண்பதுக்கு இந்தத் துணி தாங்குமா, தடித்த துணியா வேண்டும் என்ற கேள்வி வந்தது. குப்பியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுத் துணியைத் தேடினார். தடித்த துணி கிடைத்தது, குண்டும் இறங்கியது. எவ்வளவு மருந்துக்குக் கோல் எதுவரை இறங்கும் என்று அவர் அதில் கீறி வைத்திருந்த அடையாளங்கள் ஏராளம். கோல் எல்லாவற்றையும் தாண்டி உள்ளே போனபோது, இதுவும் ஏதோ ஒரு அளவுக்குக் கீறினதுதான் என்று திருப்தியாக இருந்துவிட்டார்.

பொழுது நன்றாக விடிந்ததும் பெண்மான் ஒன்று வந்து பக்கவாட்டில் நின்றது. மெர்ல் பிரயாசைப்பட்டுக் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு விசையை இழுத்தார். கிண்ணத்து மருந்து புஸ்ஸென்று புகைந்தது. அவ்வளவுதான். மான் நிமிர்ந்து பார்த்தது. கிண்ணத்திலிருந்து குழலுக்குள் தீ போகும் துளையைக் கம்பியால் குத்திவிட்டு, புது மருந்து வைத்து மறுபடி இழுத்தார். புஸ். மூன்றாவது புஸ்ஸுக்கு மான் சலித்துப்போய் நடந்தே போயிற்று. மெர்லின் கை தானாகச் சட்டைப்பையைத் தடவியது. எண்பது கிரெயின் குப்பி, மூடி திறக்காமல், உள்ளே இருந்தது.

குடிலில் வெண்டல் கத்தரிக்கோலோடு காத்திருந்தார். எதிர்ச் சரிவிலிருந்து தொலைநோக்கியில் பார்த்திருக்கிறார். கூடவே, பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அர்வின், உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தார்.

"மூணு தடவ புக வந்துச்சு மாப்ள. என் கண்ணால பார்த்தேன். திரும்பி நில்லு," என்றார் வெண்டல்.

மெர்லுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. வாயை மூடிக்கொண்டு நின்றால் மானம் மிஞ்சும், ஃப்ளோரிடா வரும். உண்மையைச் சொன்னால் சட்டை மிஞ்சும். மானத்தை அவர் அதிகம் உபயோகித்ததில்லை.

"நான் சுடவே இல்ல மச்சான்," என்றார். "உள்ள மருந்து இல்ல."

இரண்டு பேரும் நம்பவில்லை. திருகாணியைக் கோல் முனையில் மாட்டிக் குண்டை வெளியே இழுத்தார்கள். துணி சலவை செய்த மாதிரி வெள்ளையாக வந்தது. அர்வின் ஒரு தட்டின் மேல் குழலைக் கவிழ்த்துத் தட்டினார். ஒரு மணி மருந்துகூட விழவில்லை. அதற்குப் பிறகு சிரிப்பு அடங்கும்வரை உருளைக்கிழங்கு கருகியது.

வெண்டல் தீர்ப்புச் சொன்னார்: குண்டு வெளியே போகவில்லை, ஆகையால் தவறவில்லை, சட்டை தப்பித்தது. அர்வினுக்கு அது பொறுக்கவில்லை. கோடை பூராவும் போனில் மருந்துப் பாடம் கேட்டது தாம்தான் என்று நினைவுபடுத்தினார். இப்படிப்பட்டவனைச் சும்மா விடக்கூடாது, சாப்பாடு முடிகிறவரை மருந்து, குண்டு பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது, பேசினால் வால் போச்சு என்றார். மெர்ல் உடனே சம்மதித்தார். ஒரு வேளைச் சாப்பாடுதானே.

மான்கறிச் சாசேஜ் பாதி முடிந்தபோது அர்வின் வெண்டலைப் பார்த்துச் சாவகாசமாக ஆரம்பித்தார். மருமகன் புதிதாக இதே மாதிரித் துப்பாக்கி வாங்கியிருக்கிறானாம். மருந்தை எவ்வளவு அதிகம் போடுகிறாயோ அவ்வளவு நேராகப் போகும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாராம். வெண்டல், ஆமாம், அதுதானே முறை என்றார். மெர்ல் ஒரு உருளைக்கிழங்கை மெல்லாமல் விழுங்கினார். கண்ணில் நீர் வந்தது.

"அப்புறம்," என்றார் அர்வின், "இந்தக் கரிமருந்தெல்லாம் எதுக்குடா, அழுக்குப் பிடிக்கும், கடையில புதுசா மாத்து மருந்து விக்கிறான், அதையே போடுன்னுட்டேன்."

"நல்ல யோசன," என்றார் வெண்டல்.

மெர்ல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். கூரையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு வாய் அவரைக் கேட்காமல் திறந்தது.

"ஏன்யா, சக்கிமுக்கிப் பொறிக்கு மாத்து மருந்து எங்கய்யா பத்தும்? அதுக்குச் சூடு ரொம்ப வேணும். கரிமருந்துதான் போடணும், அதுலயும் பொடிமணி..."

வெண்டல் ஏற்கெனவே எழுந்து அவருக்குப் பின்னால் வந்திருந்தார். மெர்ல் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தி இனி என்ன பிரயோஜனம்? எழுந்து நின்று, கையைத் தூக்கிக்கொண்டு, ஈரப்பதத்தைப் பற்றியும் விளக்கினார். புதுக் கம்பளி என்பதால் கத்தரிக்கோல் திணறியது.

வேலை முடிந்ததும் வெண்டலுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

"கவலப்படாத மாப்ள. ஃப்ளோரிடாவுல கிளாடிஸ் புருஷன் நார்பர்ட் இருக்கானே, துப்பாக்கியத் தொட்டதே இல்ல. மருந்துன்னா இருமலுக்குக் குடிக்கிறதுன்னு நினைக்கிறவன். நாள் பூரா சாய்வு நாற்காலியில சும்மாதான் கெடப்பான்."

மெர்ல் முதுகுப் பக்கம் குளிர்வதைக் கையால் தடவிக்கொண்டே யோசித்தார். ஒரு மாசம். பருமணி, நடுமணி, பொடிமணி எதுவுமே இதுவரை காதில் விழாத ஒரு மனிதர்.

"அவருக்குக் காது நல்லாக் கேக்குமா மச்சான்?" என்றார்.