மூன்றே நிமிடம்

பதினோரு வருடமாகத் தபால் பையோடு மாடி மாடியாக ஏறி இறங்கியவளுக்கு, நாற்பது வயதில் குத்துச்சண்டை கற்க ஆசை வந்தது. வீட்டில் ஆளுக்கொரு ஆரூடம்.

"மூக்கு சப்பையாயிடும் அண்ணி" என்றாள் நாத்தனார்.

எடை தூக்கித் தூக்கித் தோள் உப்பிய தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "அதுக்குக் கை பலம் வேணும்க்கா. முதல்ல உடம்ப ஏத்து, அப்புறம் போ."

அவள் மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டாள். போன வேகத்தில் மணல் மூட்டையைக் குத்தலாம் என்று நினைத்தவளுக்கு ஏமாற்றம். பயிற்சி கொடுக்கும் இருபத்துநாலு வயதுப் பெண் கயிற்றைக் கையில் கொடுத்துக் குதிக்கச் சொன்னாள். இரண்டு வாரம் கயிறும் காலடியும்தான். மூக்கு வைத்த இடத்தில் பத்திரமாக இருந்தது.

"எப்பம்மா குத்தறது?"

"குத்து கால்லேருந்துதான்க்கா கிளம்பும். கை கடைசியாத்தான் வரும். மூச்ச மட்டும் அடக்காதீங்க."

நான்காம் மாதம் ஒரு ஞாயிறு, தம்பி வேடிக்கை பார்க்க வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? "இதென்ன, டான்ஸ் கிளாஸா?" என்று வாயை விட்டான்.

பயிற்சிக்காரி தலைக்கவசத்தையும் கையுறையையும் அவனிடம் நீட்டினாள். "அக்காவோட மூணே நிமிஷம் அண்ணே. நெஞ்சு, வயிறு, லேசாத் தொட்டாப் போதும்."

மணி அடித்தது. தம்பி 'லேசா' என்பதை அந்த நொடியே மறந்தான். சுற்றி வீசிய முதல் குத்து அவள் முழங்கையில் விழ, தோள்வரை விண்ணென்றது. மூச்சு தொண்டையில் நின்றது.

"மூச்சு, அக்கா!"

புஸ்ஸென்று விட்டாள். கால் தானாக நகர்ந்தது. அடுத்த குத்து காற்றில் போனது, அதற்கடுத்ததும். அடடா, வருவது தெரிகிறதே! அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு நிமிடம் தாண்டியதும் அந்த மலைத்தோள் ஈயமாய்த் தொங்கியது. இடது காலை முன்வைத்தாள். தொப்! நெஞ்சில் ஒன்று. விலகினாள். தொப், தொப்! வயிற்றில் இரண்டு. சுற்றி நின்றவர்கள் கூரை அதிரக் கத்தினார்கள்.

மணி அடித்தபோது தம்பி மல்லாந்து கிடந்தான்.

"நீ... நீ அடிச்சதே வலிக்கலக்கா" என்றான், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க. "எந்திரிக்கத்தான் முடியல."

அவளுக்கோ நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. "இன்னொரு தடவ மணி அடிம்மா!"

"அடிக்கிறேன்க்கா. யாரோட?"