ஒதுக்கிவிட்ட பத்தாவது

விசாரணைக் குழு அக்காவை விட்டுவிட்டது. "கணக்கு சரிதான், உங்க மேல தப்பில்ல," என்று சொல்லித் தலைவர் கையெழுத்துப் போட்டார். பெரிய மனசு! அக்கா தன் அறிக்கையில் எழுதாததை அவர் எங்கே போய்த் தேடுவார்?

நிலத்தடிப் பம்ப் அறையின் சுவருக்குள் தண்ணீர் புகுமா என்று பார்ப்பது ஆறு வருஷத்துக்கு முன் அவள் வேலை. கையில் இருந்ததோ கான்கிரீட்டின் நகம் அளவுச் சீவல் ஒன்றுதான். அதில் துளைகள் எத்தனை, எவ்வளவு பெரிசு, ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று எண்ணிக் கொடுத்தால், அந்தக் கணக்குக்குப் பொருந்தும் முழுக் கட்டியொன்றைக் கம்ப்யூட்டர் தானே உருவாக்கித் தரும். கணக்கு ஒன்றுதான், கட்டி மட்டும் தடவைக்குத் தடவை வேறு. பத்துத் தடவை ஓட்டினாள். ஒன்பதில் துளைகள் தனித்தனியே கிடந்தன. பத்தாவதில் மட்டும் ஒன்றோடொன்று கைகோத்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை வழி போட்டிருந்தன. கூட்டத்தோடு சேராததைக் கழித்துவிடுவது அந்த ஆய்வகத்து வழக்கம். அவளும் யோசிக்காமல் கழித்தாள். தண்ணீர் புகாது என்று எழுதிக் கொடுத்தாள்.

புகுந்தது. உள்ளிருந்த கம்பி துருவேறி, போன மாதம் ஒரு மத்தியானம் சுவர் உடைந்தது. கீழே சிக்கிச் செத்த பம்ப் ஆபரேட்டர் அவளுடைய ஒரே தம்பி.

தம்பி பெண்டாட்டியிடம் சொன்னால் அந்த வீட்டு வாசலை இனி மிதிக்க முடியாது, தம்பி மகளின் முகத்தையும் பார்க்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். நாலு நாள் வந்து வந்து, டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினாள். குற்ற உணர்ச்சி ஆளை அரித்தது. ஐந்தாம் நாள் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு சொல்லியே விட்டாள்.

"பத்துல ஒண்ணுல தண்ணி புகுந்துச்சும்மா. நான்தான் அத எழுதாம விட்டுட்டேன்."

தம்பி பெண்டாட்டி பாத்திரம் துலக்குவதை நிறுத்தினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அன்னைக்குச் சுவர்ல ஈரம் தெரிஞ்சுதாம், அண்ணி. கூட வேலை பாக்குறவங்க யாரும் இறங்க மாட்டேன்னுட்டாங்க."

"அப்புறம் அவன் மட்டும் ஏன் இறங்கினான்?"

"'எங்க அக்கா பாத்துச் சொன்ன சுவருடா, ஒண்ணும் ஆகாது'ன்னு சிரிச்சுக்கிட்டே இறங்கினாராம். உங்களுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டீங்கன்னுதான் இத்தனை நாளா நான் வாயே திறக்கல."