சிவப்பு வண்டிக்குக் கண் திறப்பு

திருச்செங்கோட்டு முருகானந்தத்துக்கு நாலு போர்வெல் வண்டிகள் சொந்தம். ஆயிரம் அடி வரைக்கும் பூமியைத் துளைத்துப் பார்த்த மனுஷன், மனைவி உஷாராணியின் மனசில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் இருபத்தெட்டு வருஷமாகத் துளைத்துப் பார்த்ததில்லை. எல்லாம் பயம்தான்.

அப்படிப்பட்டவர் ஆறு மாசத்துக்கு முன்னால், அந்த அம்மாளை ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு கார் வாங்கிவிட்டார். முப்பது வயசான ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், இரண்டே கதவு, இரண்டே இருக்கை. அதன் பெருமையே முன்விளக்குகளில்தான் இருந்தது. சுவிட்சைப் போட்டால் பானெட்டுக்குள்ளிருந்து தவளைக் கண் மாதிரி இரண்டும் எழுந்து நிற்கும். அணைத்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். ஆனால் இவர் வாங்கியபோது அந்த விளக்குகள் தனியாக ஒரு சாக்குப்பையில் கிடந்தன. தூக்கிவிடும் மோட்டார்கள் கருகிப் போயிருந்தன. விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் எவனோ தகரம் வைத்து அடித்திருந்தான்.

அதனால் பகலில் மட்டும் ஓட்டினார். ஓமலூர் வரை போய் ஒரு டீ குடித்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார். அந்த விளக்குகள் எழுந்து நிற்பதை ஒருதரமாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை, ஐம்பத்து மூன்று வயசில் அவரைப் பிடித்து ஆட்டியது.

கார் வந்த நேரமோ என்னவோ, போட்ட போரெல்லாம் பொய்த்தது. ஒன்பது இடத்தில் தண்ணீருக்குப் பதில் பாறைத் தூசிப் புகைதான் பறந்தது. கண்ணில்லாத வண்டியை வாசலில் நிறுத்தினால் குடும்பம் எப்படி விளங்கும் என்று உஷாராணி கேட்டார். அஸ்தம்பட்டியில் பழைய கார் வாங்கி விற்கிறவருக்கு அவரே போன் போட்டார். ஆளும் வந்து பார்த்துவிட்டுப் போனான். முருகானந்தம் கெஞ்சிக் கூத்தாடிக் கடைசியாக ஒரே ஒரு சலுகை வாங்கினார்: விளக்குகளை மாட்டிவிட்டால் வண்டி வீட்டிலேயே இருக்கலாம்.

போன மாசம் பரமத்தி வேலூரில் உஷாராணியின் அம்மா வீட்டுக் கோயிலில் கும்பாபிஷேகம் நடந்தது. ஸ்தபதி சாமி சிலைக்குக் கண் திறந்ததை அந்த அம்மாள் பக்கத்தில் இருந்து கவனித்திருந்தார். திறந்த கண் முதலில் கண்ணாடியைப் பார்க்க வேண்டும், அப்புறம் கன்றோடு பசுவை. குறுக்கே மனுஷர் யாராவது நின்றால் பார்வையின் உக்கிரம் முழுக்க அவர் தலையில் இறங்கிவிடும். காருக்கும் அதே முறைப்படி கண் திறந்தாக வேண்டும் என்றார். புதன்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு, வீட்டு வாசலில், பூசாரி பெரியசாமி முன்னிலையில். அதற்கு முன்னால் திறக்கவே கூடாது. ஏதாவது ஏறுக்கு மாறாக நடந்தால் அன்றைக்கே வண்டி அஸ்தம்பட்டிக்குப் போய்விடும்.

விளக்கு மாட்டுகிற வேலை நாமக்கல் லாரிப் பட்டறையில் இருந்த எலக்ட்ரீஷியன் வேலுமணிக்கு வந்தது. இடது மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் புதுக் காயில் கட்டி உயிர் கொடுத்துவிட்டான். வலதுக்கு வாய்ப்பே இல்லை. யோசித்துப் பார்த்து, ஒரு லாரியின் வைப்பர் மோட்டாரைக் கழற்றி மாட்டினான். மேலே போவதும் கீழே வருவதும்தானே வேலை என்பது அவன் கட்சி. எல்லாம் மாட்டிய பிறகுதான் சிக்கல் வந்தது.

“மூடி வெச்சுக்கிட்டு எப்படிங்கண்ணா அலைன்மெண்ட் பாக்கறது? செவுத்துல வெளிச்சம் உழுந்தாத்தானுங்க மேல கீழ திருக முடியும்” என்றான்.

நியாயம்தான். ஒழுங்காகத் திருகாத விளக்கு, ஒன்று எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும், இல்லையென்றால் புளியமரத்துக் காக்காய்க்கு வெளிச்சம் காட்டும். இரண்டு பேரும் கூடிப் பேசி, செவ்வாய்க்கிழமை பொழுது இறங்கும் நேரத்தில், பட்டறைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் முடித்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். சுவரிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளிக் காரை நிறுத்தினார்கள். விளக்கு உயரத்தை அளந்து வேலுமணி சுவரில் சாக்பீஸால் கோடு போட்டான். பாவம் கொஞ்சமாவது குறையட்டும் என்று முருகானந்தம் சவரக் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்திருந்தார். கண் திறந்ததும் அதைப் பார்க்கட்டும் என்று சுவரில் சாத்தி வைக்கப் போனார்.

போனவர் வைத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். மத்தியானத்திலிருந்து பதற்றத்தில் குடித்த ஏழு டீ அவரைத் திரும்பவிடவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார், ஒருத்தரும் இல்லை. கண்ணாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவரோரமாக நின்றுவிட்டார். பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த வேலுமணிக்கு இது தெரியாது. வயரைத் தொட்டுப் பார்த்தான். கிர்ரென்ற சத்தத்தோடு இரண்டு விளக்கும் எழுந்து, முருகானந்தத்தின் மேல் வெளிச்சத்தைக் கொட்டின.

அவர் திரும்பிப் பார்த்தார். ஆறு மாசமாகக் காத்திருந்த காட்சி. ஆனந்தப்படுவதா, வேட்டியை இறக்குவதா என்று புரியாமல் அப்படியே நின்றார். உஷாராணி சொன்ன உக்கிரம் நினைவுக்கு வந்ததும் கக்கத்துக் கண்ணாடியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

எழுந்த விளக்குகள் நிற்கட்டும் என்று வேலுமணி மோட்டார் வயரைக் கழற்றிவிட்டதால், சுவிட்சைத் தொடாமலே அலைன்மெண்ட் அரை மணி நேரத்தில் முடிந்தது. இந்த விஷயம் இந்தச் சுவரைத் தாண்டாது என்று வேலுமணி தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

புதன்கிழமை காலையில் வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. கன்றோடு பசு நின்றது. உஷாராணி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, ஆளுயரக் கண்ணாடியை ஓரமாக நின்று பிடித்துக்கொண்டிருந்தார். பெரியசாமி மணியடித்ததும் முருகானந்தம் சுவிட்சைப் போட்டார். இடது விளக்கு மாப்பிள்ளை மாதிரி நிதானமாக எழுந்து நின்றது. வலது விளக்கும் எழுந்தது. எழுந்து, கீழே போனது. மறுபடி எழுந்தது, மறுபடி கீழே போனது. வைப்பர் மோட்டாருக்கு மழை நின்றுவிட்டது என்று யார் சொல்வது?

உஷாராணி கண்ணாடியை இறக்கினார்.

“ஏனுங்க, இது என்னையப் பாத்தா கண்ணடிக்குது?”

பூசாரி பெரியசாமி குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். “சாமிக்குக் கண்ணு இமைக்காதுங்கம்மா. இது இமைக்குது. மொதல்லயே எந்த மனுசனையோ பாத்துப்போட்டு வந்திருக்குது.”

உஷாராணியின் பார்வை வேலுமணியிடம் போனது. வேலுமணி பசுவைப் பார்த்தான். பார்வை அங்கிருந்து நகர்ந்து முருகானந்தத்திடம் வந்து நின்றது. இந்த இருபத்தெட்டு வருஷத்தில் அந்தப் பார்வைக்கு முன்னால் அவர் சொன்ன ஒரு பொய்யும் ஒரு நிமிஷம் தாங்கியதில்லை. வண்டி கைவிட்டுப் போயிற்று என்று மனசு விட்டுப்போய், நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டார். சுவர், ஏழு டீ, கக்கத்துக் கண்ணாடி எல்லாவற்றையும். பூசாரி மணியைக் கீழே வைத்துவிட்டார்.

உஷாராணி காரையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கண் மூடியது, திறந்தது, மூடியது.

“பாவம்” என்றார் கடைசியில். “நான் இந்த ஊட்டுக்கு வந்த புதுசுல எனக்கும் இப்படித்தானுங்க இருந்துச்சு. கண்ணத் தொறந்தா நீங்க நிப்பீங்க. மறுக்கா மூடிக்குவேன்.”

அந்த நேரம் பார்த்து முருகானந்தத்தின் போன் அடித்தது. ஓமலூரில் போட்ட பத்தாவது போரும் புகைதான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மனைவியிடம் சொன்னார்.

“பூமியில தண்ணியில்லாததுக்கு இது என்ன பண்ணும்?” என்றார் உஷாராணி. குங்குமச் சிமிழை எடுத்தார். இடது விளக்குக்குப் பொட்டு வைப்பது சுலபமாக இருந்தது. வலது விளக்கு எழுகிற நேரம் பார்த்து மூன்றாவது முயற்சியில் வைத்தார். பிறகு கதவைத் திறந்து, பட்டுச்சேலையோடு அந்தப் பள்ளமான இருக்கையில் இறங்கி உட்கார்ந்தார். ஆறு மாசத்தில் இதுதான் முதல்தடவை. முருகானந்தம் மறுபக்கம் சுற்றி வந்து ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார்.

ஓமலூருக்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம், வண்டியை எடுங்கள் என்றார் அந்த அம்மாள். வேலுமணி ஸ்பானரோடு ஓடிவந்து, ஐந்தே நிமிஷத்தில் வலது கண்ணைச் சரிபண்ணித் தருவதாகச் சொன்னான்.

“வேண்டாம், உடு சாமி” என்றார் உஷாராணி. “பாத்துப் பாத்துப் பழகிக்கும். நான் பழகிக்கலையா.”

முருகானந்தம் சாவியைத் திருகினார்.