பதினாலாவது கேள்வி

எனக்காக ஒரு அறை நிறைய ஆட்கள் கை தட்டியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். 1983 ஜூன் மாதம். அதை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சுடுகிறது. பெருமையில் இல்லை, வெட்கத்தில்.

அப்போது வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் தலைக்காய ஆராய்ச்சியில் எனக்கு வேலை. ஆராய்ச்சி என்றதும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்க வேண்டாம். பஸ் ஏறுவதுதான் என் ஆராய்ச்சி. தலையில் அடிபட்டு, பிழைத்து, வீட்டுக்குப் போன பத்து முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளை ஆறு மாதம் கழித்து ஒரு தடவை, ஒரு வருஷத்தில் ஒரு தடவை, இரண்டு வருஷத்தில் ஒரு தடவை வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். பள்ளிகொண்டா, அணைக்கட்டு, ஆம்பூர் என்று சுற்றுவேன். கையில் இருபத்திரண்டு கேள்விகள் அச்சடித்த படிவம் இருக்கும்.

முதல் நாளே, ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் ஜெயகரன் என்னை உட்கார வைத்துச் சொன்னார்:

"பெரியவங்களுக்கு மூளைல அடிபட்டா இருந்தது போகும், ரோஸ். அது எல்லாருக்கும் தெரியும். வளர்ற பசங்களுக்கு இனிமே வரவேண்டியது வராமலே போகும். அது கண்ணுக்குத் தெரியாது. நாமதான் தேடிப் பாக்கணும். சீக்கிரமா கண்டுபிடிச்சா, பழக்கி ஓரளவுக்குக் கொண்டுவந்துடலாம்."

பழக்குவதற்கு வேலூரை ஒட்டிய பாகாயத்தில் ஒரு வகுப்பு நடந்தது. இடம் கம்மி. என் படிவத்தில் 'குறை உண்டு' என்று வந்தால்தான் அந்தப் பிள்ளைக்கு அங்கே இடம். அதாவது, யார் உள்ளே, யார் வெளியே என்பது என் பேனாவில் இருந்தது. அந்த மிதப்பும் எனக்கு இருந்தது.

படிவத்தின் பதினாலாவது கேள்வி இது: 'முன்பைவிடக் குழந்தை சொன்னபடி கேட்கிறதா?' கேட்கிறது என்றால் குறை இல்லை. கேட்கவில்லை என்றால் குறை. கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்: 'குழந்தையிடம் தனியாகப் பேசப்பட்டது.' பேசிவிட்டு அதில் டிக் போட வேண்டும்.

சைராவை நான் முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில். 1981 ஜூலையில் ஆம்பூரில் ரோட்டைக் கடக்கும்போது லாரி தட்டி, நாலு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். பன்னிரண்டு வயசு. அப்பா ஆபித் பாஷாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. கட்டிலின் கால்மாட்டில் பேசாமல் நிற்பார். அம்மா ஜஹீருன்னிசாதான், சைராவின் 'அம்மி', அழுதுகொண்டே பேசுவார். என்னை நர்ஸ் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிசம் வாய் மூட மாட்டா சிஸ்டர். ஷாப் மேஸ்திரி மாதிரி தொப்பையத் தள்ளிக்கினு நடந்து காட்டுவா. அவ அத்தை மாதிரி மூக்க உறிஞ்சுவா. தெருவே சிரிக்கும். எனக்குத்தான் பேஜாரா இருக்கும், திட்டிக்கினே இருப்பேன். இனிமே இன்னா பேசினாலும் திட்ட மாட்டேன். பேசினா போதும்."

சைரா கண் திறந்தாள், நடந்தாள், வீட்டுக்குப் போனாள். ஆறு மாதம் கழித்து நான் ஆம்பூர் போனபோது தலையில் துப்பட்டா போட்டு, மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை.

"எப்படி மாறிட்டா பாருங்க சிஸ்டர்!" என்றார் ஜஹீருன்னிசா. முகம் பூரித்திருந்தது. "அடிபட்ட மூணாம் மாசம் வயசுக்கு வந்துட்டா. அதோட புத்தியும் வந்துடுச்சு. உக்காருன்னா உக்காருவா, சாப்புடுன்னா சாப்புடுவா. எதிர்த்து ஒரு வார்த்த கெடையாது. அவ அத்தையே மெச்சிக்கிறாங்க."

"ரொம்ப நல்லதுக்கா," என்றேன். பதினாலாவது கேள்விக்கு 'ஆம்' போட்டேன். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள், அதனால் படிப்பு பற்றிய மூன்று கேள்விகளுக்கும் 'பொருந்தாது' என்று எழுதினேன். மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போதோ. கடைசிக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டுக் கிளம்பினேன். சைராவிடம் நான் பேசியது, "போய்ட்டு வர்றேம்மா," அவ்வளவுதான். அவள் தலையாட்டினாள்.

முஸ்லிம் வீடு, அதனால் நான் ஏமாந்துவிட்டேன் என்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். எங்கள் வீடு வாத்தியார் வீடு, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வீடு. பதிமூன்று வயதில் சர்ச்சில் சத்தமாகச் சிரித்ததற்கு அம்மா என் தொடையில் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிக் கிடந்தது. அதற்கப்புறம் நான் சத்தமாகச் சிரித்ததில்லை. ரோஸுக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று பாஸ்டரம்மா மெச்சினார். வயசுக்கு வந்த பெண் வாயை மூடிக்கொண்டால் அதில் கேட்பதற்கு ஒரு கேள்வி இருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை.

பையன்கள் விஷயம் வேறு. அவர்கள் பரீட்சையில் கோட்டைவிட்டார்கள், தட்டைத் தூக்கி எறிந்தார்கள், வாத்தியாரை அடிக்கப் போனார்கள். அவர்களின் அம்மாக்கள் ஒரு மணி நேரம் புலம்புவார்கள். நான் பக்கம் பக்கமாக எழுதுவேன். பெண்பிள்ளைகளின் வீட்டில் இருபது நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். ஒரு வருஷம் ஆனதும் சைரா வீட்டுக்கு மறுபடி போனேன். அதே பாய், அதே மூலை, அதே 'ரொம்ப நல்லதுக்கா'.

இந்த லட்சணத்தில்தான் 1983 ஜூனில் கணக்கெடுத்து ஆராய்ச்சிக் கூட்டத்தில் வைத்தார்கள். ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் குறை. பதினாலு பெண்பிள்ளைகளில் ஒருத்திக்கும் குறை இல்லை! டாக்டர் ஜெயகரனின் கண்கள் பளபளத்தன. பெண் உடம்பில் அந்த வயதில் சுரக்கும் ஏதோ ஒன்று அடிபட்ட மூளையைக் காப்பாற்றுகிறதோ என்று போர்டில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டார். நவம்பரில் டெல்லி மாநாட்டில் இதைக் கட்டுரையாகப் படிக்கப் போவதாகச் சொன்னார். "வெயில்ல வீடு வீடா அலைஞ்சு இதக் கொண்டுவந்தது ரோஸ்தான்," என்று என்னை எழுந்து நிற்கச் சொன்னார். கை தட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதம் சைராவின் இரண்டு வருஷப் பார்வை. நான் போன நேரத்தில் ஜஹீருன்னிசா பக்கத்து வீட்டு ஹலீமாவுக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். "அஞ்சு நிமிசம் சிஸ்டர், இதோ வந்துட்டேன்," என்று போய்விட்டார்.

சைரா ஸ்டவ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டவ்வில் பால். நான் படிவத்தை எடுத்துப் பெயர், தேதி எழுதிக்கொண்டிருந்தேன். உஸ் என்று சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. சைரா அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நகரவில்லை. பால் தரையில் ஓடி அவள் கால் கட்டைவிரலைத் தொட்டது. முகம் சுளித்தாள், காலை இழுத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

"சைரா! பால் பொங்குது!"

"ஆமா," என்றாள்.

நான் ஓடிப்போய் ஸ்டவ்வை அணைத்தேன். அவள் விரலில் தண்ணீர் ஊற்றினேன். அவள் அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, பாத்துக்கினு தானே இருந்த? ஏன் எறக்கல?"

"அம்மி எறக்குன்னு சொல்லல."

இரண்டு வருஷத்தில் நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"நாள் பூரா இன்னா பண்ணுவ சைரா?"

"சொல்றத செய்வேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லலன்னா?"

யோசித்தாள். "உக்காந்திருப்பேன்."

"பேசணும்னு தோணாதா? முன்னாடி எல்லாரையும் மாதிரி செஞ்சு காட்டுவியாமே?"

"தெரியும். ஞாபகம் இருக்குது," என்றாள். "ஆனா வரல."

ஜஹீருன்னிசா திரும்பி வந்து, "பொண்ணு சமத்தா இருந்தாளா?" என்று கேட்டார். நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கோழை மாதிரி அன்றைக்கும் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும், டெல்லி போகும், அந்தக் கைதட்டல் போகும் என்றெல்லாம் யோசித்தேன். சைராவின் ஒன்றரை வருஷம் போனதை மூன்றாவது நாள்தான் யோசித்தேன். அதைச் சொல்ல இப்போதும் கேவலமாக இருக்கிறது. நாலாவது நாள் டாக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தன பேர்கிட்ட தனியா பேசல?"

"பதினாலு பொண்ணுங்ககிட்டயும் சார்."

"கட்டத்துல டிக் இருக்கே?"

"நான்தான் போட்டேன்."

அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். டைப் அடித்து வைத்திருந்த டெல்லிக் கட்டுரையை எடுத்து மேஜை டிராயரில் போட்டு மூடினார். "பதினாலாவது கேள்விய எழுதினது நான். எனக்கும் அது சரியான கேள்வியா தோணுச்சே," என்றார். பிறகு, "எல்லா வீட்டுக்கும் திரும்பப் போங்க. பொண்ணுகிட்ட பேசுங்க," என்றார்.

"சைரா ஒன்ற வருசம் முன்னாடியே பாகாயம் வகுப்புக்கு வந்திருந்தா சார்?"

"ஜாஸ்தி கெடச்சிருக்கும்," என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

போனேன். பதினாலு பேரில் சைராவையும் சேர்த்து ஒன்பது பேர், யாராவது சொன்னால் தவிர நகராமல், இருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது வீட்டிலும் அதைப் புத்தி வந்துவிட்டது என்று கொண்டாடியிருந்தார்கள்.

ஆம்பூருக்குக் கடைசியாகத்தான் போனேன். கால் வரவில்லை. சைராவுக்கு வந்தது புத்தி இல்லை, குறை என்று நான் சொல்லி முடித்ததும் ஜஹீருன்னிசா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லதுன்னு நீங்கதானே சிஸ்டர் சொன்னீங்க? ரெண்டு தபா சொன்னீங்க. எழுதிக்கினீங்க." "பேசினா போதும்னு ஆஸ்பத்திரில அழுதேனே நானு. எம்பொண்ணு பேசாம உக்காந்திருக்கா, நான் ஊரெல்லாம் போய் பெருமையா சொல்லிக்கினு இருந்தேனே."

"தப்பு என்னுதுக்கா," என்றேன். அதைச் சொல்வதால் யாருக்கும் ஒன்றும் ஆகப் போவதில்லை என்று தெரிந்தேதான் சொன்னேன். அவர் மகளைப் பார்த்தார். பிறகு பாகாயத்துக்கு எந்த பஸ் என்று கேட்டார்.

வகுப்பு நடத்தியவர் செண்பகம். சைராவிடம் அவர் எதையும் செய் என்று சொல்லமாட்டார். "இப்ப இன்னா பண்ணலாம் சைரா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பத்து நிமிஷம்கூடக் காத்திருப்பார். முதல் மாதம் முழுக்க ஒரு டம்ளர் தண்ணீரைத் தானாக எடுத்துக் குடிப்பதிலேயே போயிற்று.

ஆறாவது மாதம் ஒரு நாள் நான் படிவத்தோடு வகுப்புக்குப் போயிருந்தேன். ஜஹீருன்னிசாவும் இருந்தார். செண்பகம் வழக்கம்போலக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். சைரா எழுந்தாள். என் கையிலிருந்த அட்டையையும் பேனாவையும் அவளாகவே வாங்கிக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்வது போலத் துப்பட்டாவை இழுத்துவிட்டு, மணிக்கட்டைத் திருப்பி இல்லாத வாட்சைப் பார்த்தாள்.

"பொண்ணு சொன்னபடி கேக்குதாக்கா?" என்றாள். என் குரல். என் இழுவை. "ரொம்ப நல்லதுக்கா. ரொம்ப நல்லது." அட்டையில் சரக் சரக்கென்று டிக் போட்டாள். மறுபடி வாட்சைப் பார்த்தாள். "போய்ட்டு வர்றேம்மா."

அறையே சிரித்தது. ஜஹீருன்னிசா சிரித்துக்கொண்டே அழுதார். நானும் சத்தமாகச் சிரித்தேன்.

சைரா அதோடு நின்றுவிட்டாள். பேனாவைப் பிடித்தபடி, அடுத்தது என்ன என்று யாராவது சொல்வார்களா என்று காத்திருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைப் போலச் செய்து காட்டியதில் ஒரு இடத்தில்கூட அவள் தலையைத் தூக்கி எதிரே இருக்கும் பெண்ணைப் பார்க்கவில்லை. நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன். அவள் அந்தப் பாயில் குனிந்து உட்கார்ந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.